வெளிச்சாப்பாட்டைக் குறைத்து வீட்டில் சமைக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியே சாப்பிடுவதையும் ஆர்டர் செய்வதையும் குறைத்துக்கொண்டு வீட்டிலேயே சமைக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். தேக்கரண்டி என்றால் 5 மி.லி., மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி. கரண்டி அளவுகள் எல்லாம் தலை தட்டியவை. குவித்து அள்ளக் கூடாது.

சமைக்கத் தெரியும். இருந்தும் வாரத்தில் பாதி நாள் ஆர்டர் போட்டுவிடுகிறோம். எங்கே தவறுகிறது?

பசி வந்த பிறகு யோசிக்கத் தொடங்குவதில்தான். களைத்து வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து, என்ன இருக்கிறது, எது சீக்கிரம் ஆகும், யாருக்கு எது பிடிக்கும் என்று ஒவ்வொன்றாக முடிவெடுக்க வேண்டியிருந்தால் கை தானாக ஃபோனுக்குப் போகும். அடுப்பு வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் எடுக்க வேண்டிய முடிவுகள்தான் ஆளைச் சாய்க்கின்றன.

நாளை இரவு என்ன என்பதை இன்று சாப்பிட்டு முடித்த கையோடு முடிவு செய்யுங்கள். வயிறு நிறைந்திருக்கும்போது நிதானமாக யோசிக்க முடியும். ஊற வேண்டியதை ஊறப்போடுவது, உறைந்திருப்பதை ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றுவது, வெங்காயம் இருக்கிறதா என்று பார்ப்பது, இவ்வளவும் ஐந்து நிமிடம். இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரேயடியாக வெளிச்சாப்பாட்டை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். முதலில் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் குறித்து வையுங்கள்: எந்த வேளை வெளியே சாப்பிட்டீர்கள், ஏன். நேரமில்லை, வீட்டில் பொருள் இல்லை, சமைக்க மனமில்லை, நண்பர்களோடு போனோம் என்று காரணங்கள் நாலைந்துக்குள் அடங்கிவிடும். "பொருள் இல்லை" என்று குறித்த வேளைகளை முதலில் மாற்றுங்கள், அவைதான் சுலபம். நண்பர்களோடு போன வேளையை விட்டுவிடுங்கள். அது களைப்பில் வாங்கிய சாப்பாடு இல்லையே.

கூடவே, சீக்கிரம் கெட்டுப்போகாத பொருள்களால் 15 நிமிடத்தில் ஆகும் ஒரு சாப்பாட்டை வீட்டில் எப்போதும் தயாராக வைத்திருங்கள். முட்டை 4, உறைந்த பட்டாணி 200 கிராம், ஒரு வெங்காயம், ரொட்டி அல்லது நூடுல்ஸ் இருந்தால் இரண்டு பேர் சாப்பிட்டுவிடலாம். இதைச் சமைத்த மறுநாளே தீர்ந்ததை வாங்கி நிரப்பிவிட வேண்டும். நிரப்ப மறந்த வாரம்தான் மறுபடி ஆர்டர் தொடங்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் வாரம் முழுவதற்கும் சமைத்து வைத்துவிடலாமா?

பலர் ஆர்வமாகத் தொடங்கி மூன்றாவது வாரத்தில் கைவிடுவது இதைத்தான். ஒரே உணவை நான்காம் நாளும் சாப்பிட யாருக்கும் மனம் வராது. தவிர, பெரும்பாலான சமைத்த உணவு ஃப்ரிட்ஜில் 3 அல்லது 4 நாளுக்கு மேல் வைக்கத் தக்கதும் இல்லை. முடித்த உணவை விட, பாதி முடித்த பொருள்களைத் தயாராக வைக்கும் பழக்கம்தான் கைவிடாமல் நீடிக்கும். அவற்றை வெவ்வேறு விதமாகச் சேர்த்தால் ஒவ்வொரு நாளும் வேறு சாப்பாடு.

நாங்கள் முதலிடம் தருவது வதக்கிய வெங்காயத்துக்கு. சமையல் குறிப்புகள் "பொன்னிறமாக 5 நிமிடம் வதக்கவும்" என்று எழுதும். அது நடக்காது, உண்மையில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு கிலோ வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, 4 மேசைக்கரண்டி எண்ணெயும் 1 தேக்கரண்டி உப்பும் சேர்த்து, அகலமான அடிகனமான பாத்திரத்தில் மிதமான தீயில் வையுங்கள். முதல் 10 நிமிடம் மூடி வைத்தால் நீர் விட்டுத் தளரும். பிறகு திறந்துவிட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும். அடியில் பழுப்பாகப் பிடித்தால் 2 மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடுங்கள். சுவை முழுவதும் அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது. கறுப்பாகப் பிடித்தால் தீ அதிகம் என்று பொருள், கசக்கும். ஒரு கிலோ வெங்காயம் சுருங்கி ஏறக்குறைய கால் கிலோவுக்கு வந்துவிடும். ஆறு பங்காகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்தால், ஆறு நாள் சமையலில் ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் மிச்சம். இதில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் சேர்க்கும் உணவில் உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

அடுத்தது வேகவைத்த பயறு. 250 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலை வெந்ததும் 550 முதல் 600 கிராம் வரை வரும். இருவருக்கு இரண்டு வேளை. முட்டையை ஓட்டோடு வேகவைத்து ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம் (கொதிக்கும் நீரில் 7 நிமிடம் வைத்தால் மஞ்சள்கரு இளகலாக இருக்கும், 11 நிமிடத்தில் கெட்டியாகிவிடும், அப்படி எடுத்து வைப்பதற்குக் கெட்டியாக வேகவைத்ததே ஏற்றது). 200 கிராம் தயிரில் 2 கிராம் உப்பு, ஒரு பல் பூண்டு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து வைத்தால் எதன் மேலும் ஊற்றிச் சாப்பிட ஒரு சாஸ் தயார்.

பூண்டைப் பச்சையாக எண்ணெயில் போட்டுச் சமையலறை மேடையில் நாள்கணக்கில் வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். காற்றுப் புகாத அந்த எண்ணெய்க்குள் பாட்டுலிசம் என்னும் உயிராபத்தான உணவு நஞ்சாதலை உண்டாக்கும் கிருமி வளரும். செய்தால் உடனே ஃப்ரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

வீட்டில் சமைப்பது உண்மையிலேயே மலிவா?

உணவகங்கள் பொதுவாக ஒரு தட்டின் விலையில் பொருள்களுக்கான செலவு மூன்றில் ஒரு பங்குக்குள் வரும்படி விலை வைக்கின்றன. மீதி சம்பளம், வாடகை, எரிபொருள், லாபம். வீட்டில் அந்த மூன்றில் இரண்டு பங்கை உங்கள் உழைப்பால் ஈடுகட்டுகிறீர்கள். ஆகவே மலிவுதான், வாங்கிய பொருளைச் சாப்பிட்டு முடித்தால். ஒரே ஒரு சமையல் குறிப்புக்காக வாங்கிய சாஸ் பாட்டில், பாதி அழுகிய கீரைக்கட்டு, வீணான இறைச்சி எல்லாம் சேர்ந்தால் அந்த லாபம் கரைந்துவிடும்.

இரண்டு வாரம் குப்பைக்குப் போகும் உணவைத் தராசில் எடைபோட்டுக் குறித்து வையுங்கள். எதை அதிகமாக வாங்குகிறீர்கள் என்பது பட்டியல் போட்டதுபோல் தெரிந்துவிடும். வீட்டில் இல்லாத இரண்டு பொருளுக்கு மேல் கேட்கும் சமையல் குறிப்பை வேலை நாளில் தொட வேண்டாம் என்பது எங்கள் கணக்கு.

என்ன செய்தாலும் உணவகச் சுவை வருவதில்லையே?

ரகசியப் பொடி எதுவும் கிடையாது. நான்கு விஷயங்கள்: உப்பு, வறுபடும் நிறம், கொழுப்பு, புளிப்பு.

உப்பை உணவகச் சமையல்காரர் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ருசி பார்க்கிறார். வீட்டில் கடைசியில் ஒரே தடவை போடுகிறோம். அது மேலே நிற்கிறது, காய்க்குள்ளும் இறைச்சிக்குள்ளும் போவதில்லை. ஒரு கிலோ குழம்புக்கோ சூப்புக்கோ 8 முதல் 10 கிராம் உப்பு பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். பொடி உப்பு ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 6 கிராம். கல் உப்பு அதே கரண்டியில் குறைந்த எடையே பிடிக்கும், அதனால்தான் எடைபோடச் சொல்கிறோம். கூடவே சாப்பிடும் சோற்றிலும் ரொட்டியிலும் உப்பு சேர்க்காமல் இருந்தால் மொத்த அளவு கைமீறாது.

பெரும்பாலான வீட்டுச் சமையல் தோற்பது நிறத்தில்தான். பழுப்பு நிறமும் வறுத்த மணமும் ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் வேகமாக உண்டாகும். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. வாணலியை நிரப்பிக் கொட்டினால் காய் விடும் நீர் ஆவியாக வழியில்லாமல், அது தன் நீரிலேயே அவிகிறது. உணவக அடுப்பு வீட்டு அடுப்பைப்போலப் பல மடங்கு சூடு தரும். அங்கே அளவு கூடினாலும் தாங்கும். வீட்டில் அந்தச் சூட்டைக் கொண்டுவர முடியாது, அளவைக் குறைக்க முடியும். 500 கிராம் காளான் என்றால் 28 செ.மீ. வாணலியில் இரண்டு தடவையாகப் போடுங்கள், ஒரே அடுக்காக. கோழித்துண்டுகளை முதலில் காகிதத் துண்டால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். வாணலியை மிதமான தீயில் 3 நிமிடம் காயவிட்டு, எண்ணெய் ஊற்றி, துண்டுகளைப் போட்ட பிறகு மூன்று நான்கு நிமிடம் கை வைக்காதீர்கள். எஃகு வாணலியில் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இன்னும் பழுப்பாகவில்லை என்று பொருள். பழுப்பானதும் பெரும்பாலும் தானாக விட்டுவிடும்.

"ஏதோ குறைகிறது" என்று தோன்றும்போது மசாலாவைக் கூட்டுவதுதான் வழக்கமான தவறு. முதலில் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பாருங்கள். சரியாகாவிட்டால், அடுப்பை அணைத்த பிறகு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. அதிலும் சரியாகாவிட்டால் ஒரு தேக்கரண்டி வெண்ணெய் அல்லது நல்ல எண்ணெய். பத்தில் எட்டு தடவை இரண்டாவதிலேயே நின்றுவிடும்.

வீட்டுச் சாப்பாடு என்றாலே ஆரோக்கியமானதுதானே?

அளந்தால் மட்டுமே. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றும் கை சாதாரணமாக இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஊற்றிவிடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டியை விடக் கம்மி. சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். சூப் கட்டிகளில் எடையில் பாதிக்கு அருகில் உப்புதான். இவற்றைச் சேர்த்தால் தனி உப்பைக் குறைக்க வேண்டும். வீட்டுச் சமையலின் உண்மையான நன்மை, என்ன போகிறது என்பது உங்கள் கையில் இருப்பது. நீரிழிவோ, ரத்த அழுத்தமோ, ஒவ்வாமையோ உள்ளவருக்கு அது பெரிய விஷயம்.

பயறு எவ்வளவு நேரம் வைத்தாலும் கல்லாகவே இருக்கிறது. ஏன்?

பழையதாக இருக்கலாம், ஆண்டுக்கணக்கில் இருந்த பயறு வேகவே வேகாது. இல்லாவிட்டால் தக்காளி, எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பை முதலிலேயே சேர்த்திருப்பீர்கள். புளிப்பு தோலையும் செல்சுவரையும் இளகவிடாது. வெந்த பிறகுதான் புளிப்பு. கடின நீரிலுள்ள கால்சியமும் இதையே செய்யும். அப்படிப்பட்ட ஊரில் 250 கிராம் பயறுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா சேருங்கள். கூடினால் குழைந்து சோப்பு வாடை அடிக்கும்.

உப்பு போட்டால் வேகாது என்று சொல்வது சரியில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு கலந்து இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் தோல் மிருதுவாகி, வெடிக்காமல் வேகும்.

சிவப்பு ராஜ்மாவுக்குத் தனி எச்சரிக்கை. பச்சையாக அதில் உள்ள லெக்டின் என்னும் நச்சு, வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, நீரை மாற்றி, தளதளவென்று கொதிக்கும் நீரில் முதலில் 10 நிமிடமாவது வேகவிட வேண்டும். 30 நிமிடம் என்றால் இன்னும் நிம்மதி. மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் நேரடியாகப் போடக் கூடாது, அந்தச் சூட்டில் நச்சு அழியாது. பிரஷர் குக்கரில் முழுவதும் வேகவைத்தால் கவலையில்லை.

மீந்ததை எத்தனை நாள் வைக்கலாம்?

சமைத்து 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். அறை வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரத்துக்குள். ஃப்ரிட்ஜ் 4 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். ஒரு சிறு வெப்பமானியை உள்ளே வைத்துப் பாருங்கள், பல ஃப்ரிட்ஜுகள் 7, 8 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். 3 முதல் 4 நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். சூடாக்கும்போது நடுப்பகுதியும் 74 டிகிரி வரவேண்டும். குழம்பென்றால் கொதிக்க வேண்டும். மைக்ரோவேவில் பாதியில் எடுத்துக் கிளறி, முடிந்ததும் 2 நிமிடம் அப்படியே விடுங்கள்.

தவறு நடப்பது பெரிய பாத்திரத்தில். 4 லிட்டர் குழம்பை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும்; கிருமிக்கு அதுதான் வேண்டும். 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாத தட்டையான டப்பாக்களில் பிரியுங்கள். முற்றிலும் ஆறும்வரை வெளியே காத்திருக்க வேண்டியதில்லை.

சோற்றுக்கு இன்னும் கண்டிப்பு தேவை. அரிசியில் வரும் ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெளியே கிடந்தால் முளைத்து நச்சு உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஒரு மணி நேரத்துக்குள் தட்டில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. நாற்றமில்லை என்பதை வைத்து எதையும் நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். நோய் தரும் கிருமிகள் பல வாடையே காட்டாது.

ஃப்ரீசரில் எதெல்லாம் வைக்கலாம்?

குழம்பு, சூப், வேகவைத்த பயறு, சோறு, ரொட்டி, பச்சை இறைச்சி எல்லாம் வைக்கலாம். மைனஸ் 18 டிகிரியில் கெட்டுப்போகாது. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் சுவையும் பதமும் குறையும். பைகளில் 2 செ.மீ. கனத்துக்குத் தட்டையாகப் பரப்பி உறையவைத்தால் சீக்கிரம் இளகும். பெயரும் தேதியும் எழுதாத பை எதுவும் உள்ளே போகக் கூடாது. இளகவைப்பது இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில். மேடையில் வைத்தால் மேற்பகுதி வெதுவெதுப்பாகி, உள்ளே பனிக்கட்டியாகவே இருக்கும்.

உருளைக்கிழங்குத் துண்டுகள் மணல்போல ஆகும். வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகும். வெள்ளரிக்காயையும் பச்சையாகச் சாப்பிடும் இலைகளையும் வைக்கவே வேண்டாம்.

என்னென்ன பாத்திரம் வாங்க வேண்டும்?

20 செ.மீ. கத்தி ஒன்று, 28 செ.மீ. அகல வாணலி, 4 லிட்டர் அடிகனமான பாத்திரம், ஒரு பிரஷர் குக்கர், 1 கிராம் வரை காட்டும் தராசு, குத்திப் பார்க்கும் வெப்பமானி, நறுக்கும் பலகை இரண்டு (பச்சை இறைச்சிக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று). இதற்கு மேல் வாங்குவதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

மழுங்கிய கத்தி வழுக்கி விரலை வெட்டும்; கூர்மையானது நறுக்குவதை மட்டும் வெட்டும். நான்-ஸ்டிக் வாணலியைக் காலியாகப் பெரும் தீயில் வைக்காதீர்கள், 260 டிகிரியைத் தாண்டினால் அதன் பூச்சு சிதையத் தொடங்கும். குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரைக்கும் பயறும் அரிசியும் என்றால் பாதிதான். வெப்பமானியை ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். கோழி 74 டிகிரியில் பாதுகாப்பானது என்று தெரிந்தால், பயத்தில் கூடுதலாக வேகவைத்துச் சக்கையாக்க வேண்டியதில்லை.

ஒருவருக்கு மட்டும் சமைப்பது வீண் வேலையாகத் தெரிகிறதே?

மூன்று பங்கு சமையுங்கள்: ஒன்று இப்போது, ஒன்று நாளை மதியம், ஒன்று ஃப்ரீசருக்கு. சில வாரங்களில் ஃப்ரீசரில் நாலைந்து வகை சேர்ந்துவிடும், சமைக்காத நாளிலும் தேர்ந்தெடுத்துச் சாப்பிடலாம். இறைச்சியை வாங்கிய அன்றே 150 கிராம் பொட்டலங்களாகப் பிரித்து உறையவையுங்கள்.

வாங்கும் காய்கறி பாதி வாடிப்போகிறது.

வாங்கியதில் முதல் இரண்டு நாள் கீரையும் இலைகளும். அடுத்து வெள்ளரி, பீன்ஸ் போன்றவை. கடைசியில் முட்டைக்கோஸ், கேரட், கிழங்கு. இந்த வரிசையில் சமைத்தாலே வீணாவது வெகுவாகக் குறையும். இலைகளைக் கழுவாமல் உலர்ந்த துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். உருளையும் வெங்காயமும் இருட்டான, காற்றோட்டமான இடத்தில், ஒன்றோடொன்று சேராமல். பச்சை பாரித்த, கசக்கும் உருளைக்கிழங்கைத் தூக்கி எறியுங்கள். அதில் சோலனின் என்னும் நச்சு கூடியிருக்கும்.

சமைப்பது பரவாயில்லை, பாத்திரம் கழுவுவதை நினைத்தால்தான் ஆர்டர் செய்யத் தோன்றுகிறது.

நியாயமான காரணம். குழம்பு கொதிக்கும் 10 நிமிடத்தில் பலகை, கத்தி, கிண்ணங்களைக் கழுவிவிட்டால் சாப்பிட்ட பின் வாணலியும் தட்டும்தான் மிச்சம். வீட்டில் இருவர் இருந்தால், சமைத்தவர் கழுவக் கூடாது என்று முதலிலேயே பேசி வையுங்கள். இது பேசப்படாத வீடுகளில் ஒருவர் மேல் எல்லாச் சுமையும் விழுந்து, அவர் சலித்துப்போய், ஆர்டர் திரும்பி வருகிறது. அடிப்பிடித்த எஃகு பாத்திரத்தில் தண்ணீரும் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவும் விட்டு 10 நிமிடம் கொதிக்கவைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். அலுமினியத்தில் சோடா வேண்டாம், கறுத்துவிடும்.

அப்படியானால் எதைத்தான் வெளியே சாப்பிடலாம்?

வீட்டில் செய்தால் செலவும் சிரமமும் கூடி, சுவையும் குறைவதை. எண்ணெயில் முக்கிப் பொரிப்பதற்கு ஒரு லிட்டர் எண்ணெயாவது வேண்டும், அதை 175 முதல் 190 டிகிரிக்குள் நிறுத்த வேண்டும், மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது என்று திணற வேண்டும். தந்தூரி, பீட்சா போல மிக அதிகச் சூடு கேட்கும் அடுப்புணவுகளும் அப்படித்தான். இவற்றை வெளியே சாப்பிடுவதில் எந்தக் குற்றமும் இல்லை.

ஆர்டர் செய்தே ஆக வேண்டிய நாளில் முழுச் சாப்பாட்டையும் வாங்காமல், கடினமான ஒன்றை மட்டும் வாங்குங்கள். அது வந்து சேர்வதற்குள் சோறும் ஒரு காயும் வீட்டில் ஆகிவிடும். அதில் மீந்ததை எடுத்து வைப்பதானால், 2 மணி நேரக் கணக்கை உங்கள் கதவைத் தட்டிய நேரத்திலிருந்து தொடங்காதீர்கள். உணவகத்தில் சமைத்து முடித்தபோதே அது தொடங்கிவிட்டது. வந்ததும் சாப்பிடும் அளவை மட்டும் தட்டில் எடுத்துக்கொண்டு, மீதியை உடனே தட்டையான டப்பாவுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.